சீட்டை எடுத்து ஓடியவரும் சீட்டை முடித்துக் கொடுத்தவரும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் நான்கு வருடம் உழைத்துத் தயாரித்த அறிக்கையை, உடன் பணிபுரிந்தவர் தன் வேலையாக மேலாளரிடம் காட்டிப் பதவி உயர்வு வாங்கிவிட்டார். மனிதர் எல்லோருமே சுயநலக்காரர்கள்தான், அதைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள் மேலே போகிறார்கள், அறம் என்பது தோற்றவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனிதர் எல்லோரும் சுயநலம் உள்ளவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். யாருக்குக் கொடுத்தால் திரும்பி வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்று பார்ப்பதே என் பிழைப்பு. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை நான் படித்தது வங்கியில் சேர்வதற்கு முன்பு, திண்டுக்கல்லில் எங்கள் தெருவில், என் அம்மா நடத்திய ஏலச்சீட்டில்.

1984ஆம் வருடம். இருபது பேர், மாதம் நூறு ரூபாய், இருபது மாதம். ஒவ்வொரு மாதமும் இரண்டாயிரம் ரூபாய் சேரும். அவசரமாகப் பணம் வேண்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். மூன்றாவது மாதம் ஒருவர் 500 ரூபாய் தள்ளி எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கு 1,500 போகும். அந்த 500இல் நூறு ரூபாய் அம்மாவின் கமிஷன். மீதி 400 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு இருபது ரூபாய். எனவே அந்த மாதம் ஒவ்வொருவரும் எண்பது ரூபாய் கட்டினால் போதும். கடைசி மாதம் எடுப்பவருக்குப் போட்டியே இல்லை. கமிஷன் போக 1,900 வரும். இருபது மாதமும் சேர்த்து அவர் கட்டியது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதில் தர்மம் செய்தவர் யார்? ஒருவருமில்லை. மகளின் பிரசவத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் தன் தேவைக்காக வந்தார். அவசரமில்லாதவர் வட்டி கிடைக்கிறது என்று வந்தார். அம்மா கமிஷனுக்காக நடத்தினார். இருபத்தொரு பேருடைய சுயநலமும் ஒன்றோடொன்று பல்சக்கரம்போல் கோத்துக்கொண்டு சுழன்றது. வங்கியின் வாசலைக்கூட மிதித்திராத பெண்களுக்கு அதுதான் வங்கி. ஆகவே சுயநலம் என்றாலே அறத்துக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். 'தன்னலம்' என்ற சொல்லையே பாருங்கள். 'நலம்' என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தன் நலத்தைப் பார்த்துக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. அதை யார் தலையில் ஏறி நின்று பார்த்துக்கொள்கிறோம் என்ற இடத்தில்தான் குற்றம் தொடங்குகிறது.

இப்போது அந்தச் சீட்டில் இருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். மூன்றாம் மாதம் எடுத்தவர் அதுவரை கட்டியது 250 ரூபாய்க்குள். வாங்கியது 1,500. இனி பதினேழு மாதம் அவர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வெறும் கணக்கு மட்டும் பார்க்கும் ஒருவர் அன்று இரவே பஸ் ஏறிவிட வேண்டும். எங்கள் சீட்டில் அப்படி ஒருவர் ஏறியும்விட்டார். பூட்டுப் பட்டறையில் வேலை செய்தவர். எடுத்த மறுவாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா மூன்று நாள் அவரை வாயாரத் திட்டினார். நான்காம் நாள் நோட்டை எடுத்து, அவருடைய பெயருக்கு நேராகத் தன் பெயரை எழுதினார். அடுத்த பதினேழு மாதமும் அவருடைய பங்கை அம்மாவே கட்டினார். மாதம் கிடைத்த கமிஷன் நூறு, கட்டியது எண்பதிலிருந்து நூறு வரை. ஏறக்குறைய ஒன்றரை வருடம் கூலியே இல்லாமல் சீட்டு நடத்தியிருக்கிறார். தெருவில் எவரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடு கேட்டேன்: "அவர் ஓடினதுக்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? நஷ்டத்தை எல்லோருக்கும் பிரித்துவிடுங்கள்." அம்மா சொன்னார்: "உனக்குக் கீழே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நாளைக்குக் கல்யாணம் என்றால் இதே தெருவில்தான் போய் நிற்க வேண்டும். எந்த முகத்தோடு நிற்பேன்?"

இந்தப் பதில் எனக்கு அப்போது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அம்மா ஏதோ உயர்ந்த தர்மம் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பேசியது தன் குடும்ப நலம். உங்களைப்போலவே நானும், 'இதுவும் சுயநலம்தானே, அப்படியானால் ஓடியவருக்கும் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்' என்று கொஞ்ச காலம் குழம்பினேன்.

இந்தக் குழப்பத்தைப் பலர் தத்துவமாகவே பேசுகிறார்கள். தாய் பிள்ளைக்குச் சோறூட்டுவதும் தன் மனநிறைவுக்காக, தியாகி சிறைக்குப் போனதும் புகழுக்காக, எல்லாமே சுயநலம் என்பார்கள். கேட்பதற்குக் கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. கொடுத்தவரும் சுயநலம், எடுத்து ஓடியவரும் சுயநலம் என்றால், எதைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தோமோ அந்தக் கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது: ஒருவருடைய சுயநலத்தால் பத்தொன்பது குடும்பம் தப்பித்தது, மற்றவருடையதால் ஒரு குடும்பம் ஒன்றரை வருடம் கஷ்டப்பட்டது. அது ஏன்? 'நான்' என்று சொல்லும்போது அம்மாவின் கணக்கில் நாளைய அம்மாவும் இருந்தார், இரண்டு பெண்களும் இருந்தார்கள், தெருவும் இருந்தது. ஓடியவர் கணக்கில் அந்த இரவும் அந்த 1,500 ரூபாயும்தான் இருந்தன. இருவரும் தன்னலம்தான் பார்த்தார்கள். 'தான்' என்பதன் அளவு மட்டும் வேறு வேறு.

இதை ஆய்வாகவே செய்து பார்த்தவர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஆக்சல்ராட், 1980 வாக்கில் கணினி நிரல்களுக்கு இடையே ஒரு போட்டி நடத்தினார். இரண்டு நிரல்கள் மோதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் ஏமாற்றி மற்றவர் ஒத்துழைத்தால் ஏமாற்றியவருக்கு 5, ஏமாந்தவருக்குப் பூஜ்யம். இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒரே ஒரு சுற்று என்றால் ஏமாற்றுவதே லாபம். எதிரில் இருப்பவர் என்ன செய்தாலும் அதுதான் லாபம். ஆனால் இங்கே ஒரே ஆளோடு இருநூறு சுற்றுகள் ஆட வேண்டும். நிபுணர்கள் 14 நிரல்கள் அனுப்பினார்கள். சில மிகத் தந்திரமானவை: நல்லவர்போல் நடித்து, நடுவில் திடீரென்று ஏமாற்றி, எதிராளி என்ன செய்கிறார் என்று பார்ப்பவை.

ஜெயித்தது எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த நிரல். டொராண்டோவைச் சேர்ந்த அனடோல் ரபபோர்ட் அனுப்பியது. முதல் சுற்றில் ஒத்துழைக்கும். அதற்குப் பிறகு எதிராளி போன தடவை என்ன செய்தாரோ அதையே இந்தத் தடவை செய்யும். அவ்வளவுதான். இந்த முடிவை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு ஆக்சல்ராட் இரண்டாவது போட்டி நடத்தினார். இதைத் தோற்கடிக்கவே யோசித்து எழுதப்பட்டவையும் வந்தன; மொத்தம் 62. மறுபடியும் அதே நிரல்தான் முதலிடம். முதல் போட்டியில் முன்னணியில் வந்த எட்டு நிரல்களும், தானாக முதலில் ஏமாற்றாத வகையைச் சேர்ந்தவை.

இதில் என்னை உலுக்கிய செய்தி வேறு. ரபபோர்ட்டின் நிரல் எந்த ஒரு எதிராளியையும் நேருக்கு நேர் மிஞ்சவே முடியாது. தானாக முதலில் ஏமாற்றாது என்பதால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சமமாகவோ சற்றுக் குறைவாகவோதான் எடுக்கும். எவரையும் தோற்கடிக்காமலே மொத்தக் கணக்கில் முதலில் வந்தது. ஏமாற்றும் நிரல்கள் எதிரில் இருப்பவரை மிஞ்சின. ஆனால் பதிலுக்குப் பதில் என்று இரண்டு பேரும் ஒற்றைப் புள்ளிக்கு இறங்கிப்போனதால் மொத்தத்தில் பின்தங்கின. அடுத்த நாற்காலிக்காரரை மிஞ்சுவதையும் வாழ்க்கையில் முன்னேறுவதையும் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். உங்கள் கேள்வியிலும் அந்தக் கலப்பு இருக்கிறது.

ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று ஆகும். நாளையும் சந்திக்க வேண்டியிருக்கும் இடத்தில்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும். ஊரை விட்டே போகிறவருக்கு நாளை இல்லை. பட்டறைக்காரர் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். 1990களில் தமிழ்நாட்டில் கொழுத்த வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரிடம் வாங்கியவர்களுக்கு எந்தத் தெருவிலும் தலைகுனிந்து நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடை அப்படியே போனதை நான் வங்கியின் கவுன்ட்டரில் நின்று பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. சீட்டுக்கும் 1982இலேயே மத்தியச் சட்டம் உண்டு. நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது, அவர் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. தெருவின் கண் எட்டாத தூரத்துக்கு மனிதர்கள் வியாபாரத்தைக் கொண்டுபோகும்போது, அந்தக் கண்ணையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சட்டத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஈடு எதுவும் வாங்காமல் நாங்கள் கடன் கொடுத்ததும் இதே நம்பிக்கையில்தான். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களுக்கு அடுத்த கடன் தாமதமாகும். அதனால் அவர்களே போய்க் கதவைத் தட்டுவார்கள்.

கண் இருந்தும் ஏமாற்றியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் தொடங்கி, நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் லாபம் 649 கோடி என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 61 கோடி. அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. 2015இல் நீதிமன்றம் அவருக்கு ஏழு வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

நான் அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். கடன் பிரிவில் இருந்தவனுக்கு அதில் பரிச்சயமான ஒரு குரல் கேட்கும். ஆரம்பத்தில் உண்மைக்கும் கணக்குக்கும் இடையே சின்ன இடைவெளிதான் இருந்தது, வருடங்களாக அது பெருகிவிட்டது, புலியின் மேல் ஏறியவன் எப்படி இறங்குவது என்று தெரியாமல் தவிப்பதுபோல் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். கடன் பாக்கி வைத்தவர்கள் எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். பெரிய திருட்டுக்குத் திட்டம் போட்டு இறங்கியவர்கள் குறைவு. இந்த ஒரு மாதம் மட்டும் சமாளித்துவிடலாம் என்று ஆரம்பித்தவர்களே அதிகம். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் தேவைப்படுகிறது. அது முதலாவதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த நிறுவனம் அதன் பிறகும் பிழைத்தது எப்படி என்பதையும் பாருங்கள். அரசு புதிய இயக்குநர் குழுவை அமர்த்தியது. சில மாதங்களில் டெக் மஹிந்திரா அதை வாங்க முன்வந்தது. அதுவரை ஆயிரக்கணக்கான ஊழியர்கள் மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்து, வாடிக்கையாளர்களுக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்குவதற்கு ஏதாவது மிச்சமிருந்தது என்றால் அதுதான் மிச்சமிருந்தது. ஏமாற்றுபவர் வெற்றி பெற வேண்டுமென்றால் சுற்றியுள்ள மற்றவர்கள் நேர்மையாக இருக்க வேண்டும். எல்லோரும் கள்ளக்கணக்கு எழுதினால் எவருடைய கணக்கையும் எவரும் நம்பமாட்டார்கள், அப்புறம் கள்ளக்கணக்குக்கும் மதிப்பு இருக்காது. தெருவில் பத்தொன்பது பேர் ஒழுங்காகக் கட்டியதால்தான் ஓடியவர் கையில் 1,500 ரூபாய் வந்தது. அவர் செலவழித்தது தன் சாமர்த்தியத்தை இல்லை. அந்தப் பத்தொன்பது பேர் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையை.

தன்னலத்தை நசுக்காமலே அதை நல்ல வழியில் ஓடவிட முடியும் என்பதற்கு மதுரையில் ஒரு சான்று இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டும் நோயாளி தர்மம் செய்ய அங்கே வருவதில்லை. தன் கண் சரியாக வேண்டும் என்று வருகிறார். அவர் கட்டும் பணத்தில் மிஞ்சுவது, கட்ட முடியாதவருக்கான அறுவை சிகிச்சைக்குப் போகிறது. அதே மருத்துவர்கள்தான் இரு தரப்பினருக்கும் செய்கிறார்கள். 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கி, இறக்குமதி லென்ஸைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள். யாரையும் துறவி ஆகும்படி சொல்லாமலே இத்தனையும் நடந்தது.

இனி நான் தவிர்க்க நினைத்தாலும் தவிர்க்கக் கூடாத பகுதி. ஓடிப்போனவர் என்ன ஆனார்?

நன்றாக இருந்தார். பதினைந்து வருடம் கழித்து நான் திருப்பூர்க் கிளையில் இருந்தபோது, பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட்டின் சொந்தக்காரராக எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து தையல் இயந்திரங்கள், சொந்த வீடு. நான் யாருடைய மகன் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கணக்கு வழக்கை முழுதாகப் பார்த்தேன். நூல் கடைக்குச் சொன்ன தேதியில் பணம் போயிருந்தது. சாயப்பட்டறைக்கும் சலவைக்கும் பாக்கி இல்லை. தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போயிருந்தது. திருப்பூரில் தொழில் பெரும்பாலும் கடனில்தான் ஓடும். சரக்கு போய்ப் பணம் வந்த பிறகே ஒருவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரு தடவை வார்த்தை தவறினால் அடுத்த லோடு நூல் வராது. திண்டுக்கல்லில் பத்தொன்பது பேரை விட்டு ஓடியவர், திருப்பூரில் ஒருவரைக்கூட விட்டு ஓடவில்லை. அவரை மேலே கொண்டுவந்தது எங்கள் பணம் என்று சொல்லமாட்டேன். அந்த ஊரில் அவர் காப்பாற்றிய வார்த்தைதான் கொண்டுவந்தது. ஆனால் பஸ் டிக்கெட்டும் முதல் மாத வாடகையும் எங்கள் சீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை.

தகுதி இருந்தது. கடன் கொடுக்கப் பரிந்துரைத்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. செய்தது சரியா என்று இன்னும் சில இரவுகளில் யோசிப்பேன்.

அறவழியில் நடப்பவருக்கு வெற்றி நிச்சயம் என்று யாராவது உங்களுக்கு உறுதி சொன்னால் நம்பாதீர்கள். வள்ளுவரே அப்படிச் சொல்லவில்லை. பொறாமை நெஞ்சம் உள்ளவனுக்கு ஆக்கமும் நேர்மையானவனுக்குக் கேடும் வருவதுண்டு, அது எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் என்று ஒரு குறளில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். பரிமேலழகர் அதற்குப் பழவினையைக் காரணமாகக் காட்டினார். எனக்கு அந்த விளக்கத்தில் மனம் ஒட்டவில்லை. கணக்கு நேராக வராத இடமும் வாழ்க்கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் லாபம் காட்டி ஒருவரை நேர்மையாக இருக்க வைக்க முடியாது. அங்கே அவர் எப்படிப்பட்ட மனிதராக வாழ விரும்புகிறார் என்பது மட்டும்தான் மிச்சம். அம்மா கல்யாணச் செலவைக் காரணம் சொன்னார். ஆனால் என் இரண்டாவது தங்கையின் கல்யாணமும் முடிந்து, அந்தத் தெருவில் கேட்க வேண்டியது எதுவுமே இல்லாமல் போன பிறகும், இன்னொரு சீட்டில் ஒருவர் இறந்துபோனபோது, அவருடைய மனைவியிடம் கேட்காமல் மீதி நான்கு தவணையை அம்மாவே கட்டினார். அதற்குக் காரணம் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். நீங்கள் பட்டறைக்காரரின் நிலையிலும் இல்லை, கணினிப் போட்டியின் நிலையிலும் இல்லை. ஆனால் இரண்டாவதுக்குத்தான் நெருக்கம். அந்த ஆளோடு நாளையும் அதே அறையில் வேலை செய்ய வேண்டும். நீங்கள் நேர்மையாக இருந்தது தவறு இல்லை. ஏமாற்றப்பட்ட பிறகும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டதுதான் தவறு. ரபபோர்ட்டின் நிரல் ஏமாற்றப்பட்டால் உடனே அடுத்த சுற்றிலேயே பதில் சொல்லும், எதிராளி திருந்தினால் அதே வேகத்தில் மறந்தும்விடும், வன்மம் வைத்துக்கொள்ளாது. உங்களை ஏமாற்றியவரைப்போல் மாறுவது பதில் ஆகாது. அவருடைய வேலையை நீங்கள் திருடினால் அந்த அறையில் இரண்டு பேருக்கும் ஒற்றைப் புள்ளிதான் மிஞ்சும்.

அவரைத் தனியாக அழைத்து, 'அந்த அறிக்கை நான் தயாரித்தது, உங்களுக்கும் தெரியும்' என்று ஒரே ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அடுத்த திட்டத்தில் யார் எந்தப் பகுதியைச் செய்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே மேலாளருக்கும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அதில் அவருடைய பங்கையும் குறைக்காமல் எழுதுங்கள். வாரம் ஒருமுறை முடித்த வேலையை இரண்டு வரியில் தெரிவியுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்தும் அந்த மேலாளருக்கு வித்தியாசம் புரியவில்லை என்றால், வேறு இடம் தேடத் தொடங்கலாம். போகும்போது கையில் இருக்கும் வேலையை முடித்து, அடுத்து வருபவருக்கு விளக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.